வகுப்பறையில் சொல்முகில்: கணினி எண்ணட்டுமா, பிள்ளைகள் எண்ணட்டுமா?

அண்மைக் காலமாக எமது பாடசாலைச் சுவர்களில் ஒரு புதுவகைப் படம் தொங்கக் காண்கிறோம். பெரியதும் சிறியதுமான சொற்கள், சில படுத்தும் சில நிமிர்ந்தும், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு பல வர்ணங்களில் ஒரு முகிலைப் போலத் திரண்டு நிற்கும். ஆசிரியர்களுக்கான வாண்மை விருத்திச் செயலமர்வுகளில் இதைச் 'சொல்முகில்' என்று அறிமுகப்படுத்துகிறார்கள். செய்து முடித்ததும் படமெடுத்து வட்ஸ்அப் குழுவில் போடச் சொல்கிறார்கள். போடுகிறோம். பெருவிரல் உயர்த்திய பத்துப் பதினைந்து அடையாளங்கள் வந்து விழுகின்றன. அத்தோடு விடயம் முடிந்துவிடுகிறது.

நான் காத்தான்குடியை அண்டிய ஒரு பாடசாலையில் தமிழ் கற்பிப்பவன். நானும் அப்படிப் படம் போட்டவன்தான். ஆனால் ஒரு தவணை முழுவதும் தரம் 9 பிள்ளைகளோடு இதைப் பல விதமாகச் செய்து பார்த்த பிறகு சில விடயங்கள் தெளிவாயின. பெற்றோரும் சக ஆசிரியர்களும் அறிந்துகொண்டால் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் இது என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரு பந்தியையோ பலருடைய பதில்களையோ எடுத்து, எந்தச் சொல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணி, அதிகம் வருவதைப் பெரிய எழுத்திலும் குறைவாக வருவதைச் சிறிய எழுத்திலும் போடுவதுதான் சொல்முகில். அதற்கு மேல் ஒன்றுமில்லை. 1976இல் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம், பாரிஸ் நகர மக்களிடம் தமது நகரத்தைப் பற்றிக் கேட்டு, அவர்கள் அதிகம் சொன்ன இடங்களின் பெயர்களைப் பெரிதாக அச்சிட்டு ஒரு வரைபடம் தயாரித்தார். இணையத்தில் ஃப்ளிக்கர் என்ற புகைப்படத் தளம் இம்முறையைப் பரவலாக்கியது. ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஜொனதன் ஃபெயின்பேர்க் 2008இல் 'வேர்டில்' என்ற இலவசக் கருவியை வெளியிட்ட பின்னர்தான் உலகெங்கும் ஆசிரியர்கள் கையில் இது கிடைத்தது. (2021இல் வந்த, ஐந்தெழுத்துச் சொல்லைக் கண்டுபிடிக்கும் வேர்டில் விளையாட்டு வேறு. அதைச் செய்தவர் ஜொஷ் வார்டில். பெயர் ஒற்றுமையால் எங்கள் ஆசிரியர் அறையிலேயே ஒருநாள் பெரிய குழப்பம் வந்தது.)

இனி என் முதல் முயற்சி. 'எங்கள் வாவி' என்ற தலைப்பில் ஆளுக்கொரு பந்தி எழுதச் சொன்னேன். வகுப்பில் 33 பேர். இரண்டு இரவுகள் உட்கார்ந்து எல்லாவற்றையும் கணினியில் அடித்தேன். என் தாத்தாவின் மகன் கணினி படிக்கிறான். பைதன் மொழியில் சொல்முகில் செய்வதற்கென்று இருக்கும் இலவச நிரலை நிறுவித் தந்தான். மறுநாள் வகுப்பில் புரொஜெக்டரைப் போட்டால் திரை முழுவதும் வெறும் பெட்டிகள். நிரலோடு வரும் எழுத்துருவில் தமிழ் இல்லையாம். தமிழ் எழுத்துருவை மாற்றிக் கொடுத்தோம். பெட்டிகள் போய் எழுத்துகள் வந்தன. ஆனால் 'மட', 'டக', 'களப' என்று ஒரு மொழியிலும் இல்லாத சொற்கள் பெரிதாக நின்றன. வாவியைக் காணவில்லை. மீனையும் காணவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பையன், "சேர், ஆத்துல மீனே இல்ல!" என்றான். அந்தப் பாடவேளை சிரிப்பிலேயே போனது.

ஏன் இப்படி நடந்தது என்பதைப் பிறகுதான் விளங்கிக்கொண்டேன். 'மீன்' என்பது எமக்கு இரண்டு எழுத்து. கணினிக்கு அது நான்கு குறியீடு: ம, அதன் மேல் வரும் ஈகாரக் குறி, ன, அதன் மேல் புள்ளி. அந்த நிரல் வழமையாகப் பயன்படுத்தும் விதி விசிறியையும் புள்ளியையும் எழுத்தாகவே கணக்கில் எடுப்பதில்லை. இடைவெளி வந்ததைப் போல அந்த இடத்தில் சொல்லை வெட்டிவிடுகிறது. வெட்டிய பிறகு ஓர் எழுத்து மட்டும் மிஞ்சினால் அதைத் தூக்கி எறிகிறது. 'மீன்' வெட்டுப்பட்டால் ம ஒன்று, ன ஒன்று, இரண்டும் போயின. 'வாவி'க்கும் அதே கதி. 'மட்டக்களப்பு' மட்டும் நீளமான சொல்லாகையால் மூன்று துண்டுகளாக உயிர் பிழைத்தது. ஆங்கிலத்தை மனதில் வைத்து எழுதிய விதி, தமிழ்ப் பந்தியில் போட்டதும் இப்படி ஆகிவிட்டது.

அதையும் மருமகன் சரிசெய்தான். இப்போது பெரிய சொற்களாக வந்தவை 'ஒரு', 'எமது', 'உள்ளது', 'என்று'. அவற்றை விலக்கும்படி ஒரு பட்டியல் கொடுத்தோம். அடுத்த தடவை 'மீன்' எல்லாவற்றையும் விடப் பெரிதாக வந்தது. பிள்ளைகளுக்கும் திருப்தி, மீன் பாடும் தேன்நாடு அல்லவா. எனக்குத்தான் சந்தேகம் தீரவில்லை. தலைப்பே வாவி. 33 பேரும் அதைப் பற்றியே எழுதியிருக்க, மீன் எப்படி அதை முந்தியது?

தாள்களை எடுத்துக் கையால் எண்ணினேன். 'வாவி' 9 தடவை, 'வாவியில்' 14, 'வாவியின்' 12, 'வாவியை' 4, 'வாவிக்கு' 3. மொத்தம் 42. கணினி இவற்றை ஐந்து வெவ்வேறு சொற்களாக எண்ணியிருந்தது. 'மீன் பிடிப்பார்கள்', 'மீன் விற்பார்கள்' என்று நாம் பேசும்போது மீனோடு பெரும்பாலும் உருபு சேர்வதில்லை. ஆகவே அது 19 தடவையும் ஒரே உருவில் வந்து வென்றுவிட்டது. வேற்றுமை உருபேற்கும் மொழியில் சொல்முகில் செய்யும் எவருக்கும் இது நேரும். தொலைபேசியில் பதில்களை வாங்கி உடனுக்குடன் திரையில் காட்டும் மென்டிமீட்டர் போன்ற தளங்களில் பிள்ளைகள் ஒவ்வொரு சொல்லாக இடுவதால் இத்தொல்லை குறைவு. ஆனால் அங்கும் 'ஆறு' என்று ஒருவரும் 'ஆத்து' என்று இன்னொருவரும் இட்டால் அவை இரண்டு சொற்கள்தான்.

இதை ஆசிரியர் அறையில் சொல்லிக்கொண்டிருந்தபோது எங்கள் மௌலவி ஆசிரியர் சிரித்தார். "இதென்ன சேர் புதுசா? எங்கட முஃஜம்ல இந்த வேலைய எப்பவோ முடிச்சிட்டாங்களே" என்றார். அவர் சொன்னது எகிப்திய அறிஞர் முஹம்மத் ஃபுஆத் அப்துல் பாக்கி தொகுத்து 1940களில் கெய்ரோவில் வெளியான அல்குர்ஆன் சொல்லடைவை. அதில் சொற்களை அவற்றின் மூல எழுத்துகளின் கீழ் அடுக்கியிருப்பார்கள். கிதாப், காதிப், மக்தூப் மூன்றும் பார்க்க வேறு வேறாக இருந்தாலும் க-த-ப என்ற ஒரே வேரின் கீழ் வரும். எத்தனை இடத்தில் எந்த உருவில் வருகிறது என்பதும் அங்கேயே இருக்கும். எங்கள் மத்ரஸாக்களில் ஓதும் பிள்ளைகள் இந்த முறையைச் சாதாரணமாகப் புரிந்துகொள்கிறார்கள். அதே பிள்ளை காலையில் தமிழ்ப் பாடத்தில் 'வாவியில் என்பதன் பகுதி எது?' என்று கேட்டால் முழிக்கிறது. இரண்டும் ஒரே வேலை என்று நாங்கள் ஒருநாளும் சொல்லிக் கொடுத்ததில்லை.

அன்றிலிருந்து மடிகணினியை மூடிவிட்டேன். இப்போது செய்யும் முறை இதுதான். ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று துண்டுக் கடதாசி, துண்டுக்கு ஒரு சொல். பெயர் எழுத வேண்டியதில்லை. ஆறேழு பேர் கொண்ட குழு துண்டுகளைக் குவித்து, ஒரே சொல்லை ஒன்றாக அடுக்கி, நான்கு கோடும் குறுக்கே ஒரு கோடுமாக எண்ணுகிறது. பிறகு பிறிஸ்டல் போர்டில் எழுதுவது. ஒரு தடவை வந்த சொல்லின் உயரம் ஒரு விரல், ஐந்து தடவை வந்தது ஐந்து விரல். மொத்தமாக இரண்டு பாடவேளை போகிறது. மூன்று விநாடியில் கணினி செய்வதற்கு 80 நிமிடமா என்று ஒரு சக ஆசிரியர் கேட்டார். அந்த 80 நிமிடத்தில்தான் பாடம் நடக்கிறது. எந்த இரண்டு துண்டுகள் ஒரே சொல், எவை வேறு சொல் என்று குழுவுக்குள் வரும் சண்டையைப் போன்ற இலக்கண வகுப்பை நான் என் 19 வருட சேவையில் நடத்தியதில்லை.

ஒரு தடவை நான் தலைப்புச் சொல்லவில்லை. "எங்கட ஊருக்கு மேற்கால கிடக்கிற தண்ணிய நினைச்சா வாற மூணு சொல்ல எழுதுங்க. ஊட்டுல பேசுற மாதிரியே எழுதுங்க, சிவப்புப் பேனை இல்ல" என்றேன். 99 துண்டுகள் வந்தன. 'ஆறு' 15. 'வாவி' 4. 'களப்பு' ஒன்றே ஒன்று. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளும் இந்த நீர்ப்பரப்பைப் பாடநூல் வாவி என்றும் களப்பு என்றும் சொல்கிறது. ஊருக்குள் அது ஆறுதான். பல துண்டுகளில் 'ஆறு' என்று எழுதி வெட்டிவிட்டு 'வாவி' என்றும், அதையும் வெட்டி மீண்டும் 'ஆறு' என்றும் எழுதியிருந்தது. சிவப்புப் பேனை இல்லை என்று சொன்ன பிறகும் அந்தப் பயம்.

மூன்றையும் ஒரே சொல்லாகச் சேர்க்கலாமா என்று வாதம் தொடங்கியது. ஒரு குழு சேர்க்கலாம் என்றது. "ஆறெண்டா ஓடணும், இது ஓடுதா?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். "மாரியில முகத்துவாரத்த வெட்டினா ஓடும்தானே" என்று இன்னொருத்தி. கடைசியில் சேர்க்காமல் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினோம். 1964இல் வித்துவான் வீ.சீ. கந்தையா எழுதிய 'மட்டக்களப்புத் தமிழக'த்தைப் பற்றி அந்த இடத்தில் சொன்னேன். இந்த மண்ணின் பேச்சையும் வழக்கங்களையும் ஒரு நூலளவு எழுத வேண்டியவை என்று மதித்த ஒருவர் இருந்தார் என்பது பிள்ளைகளுக்குப் புதுச் செய்தி. எழுவான்கரை, படுவான்கரை, வட்டை, போடியார், களவெட்டி, மறுகா. இவையெல்லாம் கட்டுரையில் வந்தால் நாங்கள் அடிக்கோடு போடும் சொற்கள். அடிக்கோடு போட்ட கையில் என்னுடையதும் ஒன்று.

இன்னொன்றையும் அன்றுதான் கவனித்தேன். முதலில் எழுதிய 33 கட்டுரைகளில் 'இயற்கை எழில்' 8 தடவை வந்திருந்தது. 'குப்பை' ஒரு தடவைகூட இல்லை. துண்டுகளில் 'குப்பை' 9, 'இயற்கை எழில்' பூச்சியம். இரண்டு முகிலையும் பக்கத்தில் தொங்கவிட்டு, இரண்டும் நீங்கள் எழுதியதுதானே என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவன், "அது மாக்ஸுக்கு எழுதின சேர்" என்றான். சாதாரண தரப் பரீட்சைக்குக் கட்டுரை பழக்கும் எனக்கு அந்தப் பதிலில் நிறைய வேலை இருக்கிறது.

அந்த 99 துண்டுகளில் ஒரே ஒரு தடவை வந்த சொற்களும் இருந்தன. வழமையான சொல்முகிலில் அவை ஓரத்தில் எறும்பளவு எழுத்தில் கிடக்கும், யாரும் வாசிப்பதில்லை. அன்றைக்கு ஒற்றைச் சொற்களை மட்டும் தனியாக எடுத்து வாசித்தேன். அதில் ஒன்று 'அத்தாங்கு'. வகுப்பில் பாதிப் பேருக்கு அது என்னவென்று தெரியவில்லை. எழுதியவர் விரும்பினால் சொல்லலாம் என்றேன். கடைசி வாங்கிலிருந்து ஒரு பையன் எழும்பினான். கிழமையில் இரண்டு நாளாவது பிந்தி வருகிறவன், கேள்வி கேட்டால் குனிந்து கொள்கிறவன். அவன் முன்னுக்கு வந்து, வெண்கட்டியால் வளையமும் பையுமாக வலையைக் கீறி, எந்தத் தண்ணியில் எப்படிக் கோலுவது, இறால் எந்த மாதம் கரைக்கு வரும், வாப்பாவோடு சுபஹுக்கு முன் போனால் எவ்வளவு கிடைக்கும் என்று பத்து நிமிடம் பேசினான். அவன் ஏன் பிந்தி வருகிறான் என்பதும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வரவுப் பதிவேட்டில் அவனுக்கு நேரே நான் போட்ட குறிப்புகளை நினைத்து வெட்கப்பட்டேன்.

சொல்முகிலுக்கு இருக்கும் குறைகளையும் பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும். நீளமான சொல் பெரிதாகத் தெரியும். 'முகத்துவாரம்' இரண்டு தடவை வந்தாலும் ஐந்து தடவை வந்த 'தோணி'யை மறைத்துவிடும். வர்ணத்துக்கும் இடத்துக்கும் அர்த்தமே இல்லை. 'வாவி அசுத்தமாக இல்லை' என்று பத்துப் பேர் எழுதினால் 'அசுத்தம்'தான் பெரிதாக வரும், இல்லை என்பது போய்விடும். அரசியல்வாதிகளின் பேச்சைச் சொல்முகிலாகப் போட்டு, அவர் இத்தனை தடவை சமாதானம் என்றார், அபிவிருத்தி என்றார் என்று எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அவர் அச்சொல்லை எதற்குப் பாவித்தார் என்பது முகிலில் இராது. மாறாக, ஒரு பிள்ளை தன் கட்டுரையையே எண்ணிப் பார்ப்பது நல்ல பயன். 'மிகவும்' என்ற சொல்லை 11 தடவை எழுதியிருந்த ஒருத்தி தானே எண்ணித் தானே குறைத்தாள்.

கடைசியாகச் செய்தது 'கடல்'. இதை எழுதலாமா என்று யோசித்தேன். எங்கள் ஊர்கள் கடலுக்கும் ஆற்றுக்கும் இடையில் ஒடுங்கிய ஒரு துண்டு நிலம். வகுப்பில் பிள்ளைகள் முதலில் தங்கள் மூன்று சொற்களை எழுதினார்கள். பிறகு வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் அதே கேள்வியைக் கேட்டு எழுதி வரச் சொன்னேன். பிள்ளைகளின் முகிலில் பெரிய சொற்கள் 'மீன்', 'குளிப்பு', 'பந்து', 'காற்று'. வீட்டிலிருந்து வந்த முகிலில் 'சுனாமி' மற்ற எதையும் நிற்கவிடவில்லை. அடுத்து 'ஓட்டம்', 'மையித்து', 'சத்தம்'. இந்தப் பிள்ளைகள் யாரும் 2004 டிசம்பர் 26இல் பிறந்திருக்கவில்லை. ஒரேயொரு துண்டில் 'சூறாவளி' இருந்தது. 1978 நவம்பரில் மட்டக்களப்பை அடித்துப் போட்ட சூறாவளியைக் கண்ட ஒரு மூத்தம்மாவின் சொல் அது. அன்று மாலை பல வீடுகளில் அதுவரை பேசாத கதைகளைப் பேசினார்களாம். அடுத்த நாள் இரண்டு தாய்மார் என்னைத் தேடி வந்தார்கள். ஒருவர் நன்றி சொன்னார். மற்றவர், "பிள்ள ராவெல்லாம் தூங்கல்ல சேர், முன்னுக்கே ஒரு சொல்லுச் சொல்லி அனுப்பியிருக்கலாமே" என்றார். அவர் சொன்னது நியாயம். இப்போது இப்படியான கேள்வியை வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் பெற்றோருக்கு ஒரு குறிப்பு அனுப்புகிறேன். அந்த முகிலைச் சுவரில் தொங்கவிடவுமில்லை, படமெடுத்து எந்தக் குழுவிலும் போடவுமில்லை.

ஒரு பிள்ளை மூன்று துண்டுகளையும் வெறுமையாகவே திருப்பிக் கொண்டுவந்தாள். செய்யவில்லையா மகள் என்று கேட்டேன். "மூத்தம்மாக்கிட்ட கேட்டன் சேர். அவ துண்டக் கையில வெச்சிக்கிட்டு இரிந்தா. மறுகா எழும்பிப் போய்ட்டா" என்றாள். மற்றப் பிள்ளைகள் அடுத்து என்ன செய்வது என்று என்னைப் பார்த்தார்கள். குழுத் தலைவி, "சேர், இத எண்ணுறதா, இல்லையா?" என்று கேட்டாள். கணினியாக இருந்தால் அக்கேள்வியே வந்திராது, வெறுமைக்கு உயரம் பூச்சியம். வகுப்பு கொஞ்ச நேரம் பேசி ஒரு முடிவுக்கு வந்தது. போர்டின் நடுவில் மூன்று விரல் உயரத்துக்கு ஓர் இடத்தை எதுவும் எழுதாமல் விட்டார்கள். கீழே ஒரு மூலையில் '33 வீடுகள், 96 சொற்கள், 3 வெறுமை' என்று எழுதினார்கள். அதன் பிறகு நாங்கள் செய்யும் ஒவ்வொரு முகிலுக்கும் கீழே எத்தனை பேர், எத்தனை சொல், எத்தனை வெறுமை என்று எழுதிவிடுகிறோம்.

அந்த போர்ட் சுருட்டியபடி என் அலுமாரியில் இருக்கிறது. போன கிழமை அந்தப் பிள்ளை வந்து, மூத்தம்மாவுக்குக் காட்ட வேண்டும், ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தரட்டுமா என்று கேட்டாள். கொடுத்துவிட்டேன். இன்னும் திரும்பி வரவில்லை, நானும் கேட்கவில்லை.